பின்னே நிற்பவர்

(முதுநிலை மருத்துவ மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டம் பெற்ற நாளிலேயே ஒருவர் சட்டப்படி மருத்துவராகிவிடுகிறார் என்றாலும், ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் தகுதி அவருக்கு வந்து சேர்வது அதற்குப் பின் வரும் சில ஆண்டுகளில், வார்டிலும் தியேட்டரிலும் காஷுவால்டியிலும் தம்மைவிடத் தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் இரவு பகலாக உழைக்கும் காலத்தில்தான் என்பதை இந்தச் சபையில் எவரும் மறுக்கமாட்டீர்கள். அந்த ஆண்டுகளைப் பற்றியும், அப்போது உங்கள் பின்னே நிற்பவரைப் பற்றியும் பேசவே வந்திருக்கிறேன். குருபக்தியைப் பற்றிய உபதேசம் எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு உங்கள் காது புளித்திருக்கும். இந்த ஏற்பாடு எங்கே, எவரால், எந்தக் குறையைத் தீர்ப்பதற்காக உண்டாயிற்று, அது கைமாறிக் கைமாறி நம் ஊர்வரை வந்து சேர்ந்தது எப்படி என்பதைச் சரித்திரத்தின் வழியே சொல்லிப் பார்ப்பதுதான் என் உத்தேசம்.

1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர், அறுவைக்கு ஆயத்தமாயிருந்த ஒரு நோயாளிக்கு ஈதர் மயக்கம் கொடுக்கும்படி பணிக்கப்பட்டார். மயக்கம் கொடுப்பதைத் தனி வித்தையாக அக்காலத்தில் எவரும் கருதவில்லை. கண்ணில் பட்ட மாணவனைக் கூப்பிட்டு ஈதர் புட்டியைக் கையில் கொடுத்தால் அவன் கொடுக்க வேண்டியதுதான். நோயாளி இறந்துபோனார். மனம் ஒடிந்த மாணவர், மருத்துவத்தையே விட்டுவிடலாம் என்று எண்ணி அறுவை மருத்துவரிடம் போய் நின்றபோது, இதெல்லாம் அடிக்கடி நடப்பதுதான், உன்மேல் குற்றம் ஒன்றுமில்லை என்று அவர் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்த மாணவரின் பெயர் ஹார்வி குஷிங். மூளை அறுவை மருத்துவம் என்னும் துறையை ஸ்தாபித்தவர்களில் முதல்வராகப் பின்னாளில் எண்ணப்பட்டவர். நல்ல வேளையாக அவர் படிப்பை விடவில்லை. சகமாணவரான காட்மன் என்பவரோடு சேர்ந்து, மயக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் நோயாளியின் நாடியையும் மூச்சையும் விடாமல் கவனித்துத் தாளில் குறித்துவரும் வழக்கத்தைத் தொடங்கினார். இன்று உங்கள் தியேட்டர்களில் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதப்படும் அனஸ்தீசியா சார்ட்டுக்கு மூதாதை அது.

அந்தச் சார்ட்டைவிட அந்த ஆறுதல் மொழியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஒன்றும் அறியாதவன் கையில் ஓர் உயிரை ஒப்படைத்ததும் பிழை. உயிர் போன பிறகு உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதும் பிழை. பொறுப்பை ஒரேயடியாகத் தூக்கிக் கொடுப்பதும், பிறகு ஒரேயடியாகப் பிடுங்கிக்கொள்வதுமாகிய அந்த வழக்கத்தில் கற்பித்தலுக்கு இடமே கிடையாது. அன்றைக்கு அந்த மாணவரின் தோளுக்குப் பின்னே எவரும் நிற்கவில்லை.

இக்குறை தீர்வதற்கான வழி, அதே நாட்டில் இன்னொரு நகரத்தில் அப்போதே உருவாகிக்கொண்டிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற பால்டிமோர் நகர வணிகர் 1873இல் காலமானபோது, ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்குமாக எழுபது லட்சம் டாலர் எழுதிவைத்துப் போனார். மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி 1893இல் தொடங்கிற்று. பொது மருத்துவத்துக்குக் கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லரும், அறுவை மருத்துவத்துக்கு நியூயார்க்கிலிருந்து வந்த வில்லியம் ஹால்ஸ்டெட்டும் தலைமை ஏற்றார்கள். இருவருமே ஜெர்மன், ஆஸ்திரிய மருத்துவமனைகளுக்குப் போய்ப் பயின்றவர்கள். அங்கே பேராசிரியருக்குக் கீழே உதவியாளர்கள் வருஷக்கணக்கில் மருத்துவமனையிலேயே இருந்து, படிப்படியாக உயர்ந்து, முடிவில் தாமே பேராசிரியராகும் சம்பிரதாயம் வேரூன்றியிருந்தது. அதைத் தங்கள் நாட்டு நிலைமைக்கு ஏற்றபடி திருத்தி அமைத்ததே இன்று நாம் ரெசிடென்சி என்று வழங்கும் பயிற்சியின் ஆரம்பம். பயிற்சி மருத்துவர் மருத்துவமனை வளாகத்திலேயே வசித்தார். இன்ன தேதியில் முடியும் என்ற வரையறை அவருக்கு இல்லை. 1904இல் யேல் பல்கலைக்கழகத்தில், அறுவை மருத்துவரின் பயிற்சி என்ற பொருள்பற்றி ஹால்ஸ்டெட் ஓர் உரை ஆற்றினார். தம்மிடம் ஒருவர் உதவியாளராக ஆறு ஆண்டும், ஹவுஸ் சர்ஜனாக இரண்டு ஆண்டும், ஆக எட்டு ஆண்டுகள் இருப்பது சராசரி என்று அதில் அவர் கூறுகிறார். ஹவுஸ் சர்ஜன் என்றதும் ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடும் நம் ஊர்ப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். தலைவருக்கு அடுத்தபடியாக வார்டு முழுவதையும் நிர்வகித்தவர் அங்கே அவர்தாம்.

ஹால்ஸ்டெட் விசித்திர சுபாவம் உடையவர். தம் சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்பியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. கொகேயின் உடம்பை மரத்துப்போகச் செய்யும் என்பது 1884இல் வெளிப்பட்டபோது, அதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, அந்தப் பழக்கத்துக்கு அடிமையாகி, அதிலிருந்து மீளப்போய் மார்ஃபினின் பிடியில் சிக்கிக்கொண்டவர் அவர். கூச்சமும் தனிமையும் மிகுந்தவர். கோடைகாலத்தில் மாதக்கணக்கில் ஊரிலேயே இருக்கமாட்டார். மாணவர்களோடு நெருங்கிப் பழகும் வழக்கமும் அவரிடம் இல்லை. அப்படிப்பட்டவரிடம் 33 ஆண்டுகளில் தலைமை ரெசிடென்ட்டாக இருந்து வெளியேறிய 17 பேரில் பலர், வெவ்வேறு ஊர்களில் இதே மாதிரியான பயிற்சி முறையைத் தாமே தொடங்கினார்கள் என்பது வியப்பாக இல்லையா?

அவர் கற்பித்தது வாயால் அன்று, கையால். வேகமாக அறுப்பவனே வல்லவன் என்று கொண்டாடப்பட்ட காலத்தில், ஹால்ஸ்டெட் மிக மெதுவாக அறுத்தார். ஒவ்வொரு ரத்தக்குழாயையும் பிடித்துக் கட்டினார். தசையை நசுக்காமல், கிழிக்காமல், மென்மையாகக் கையாண்டார். பாஸ்டனில் வேகத்தைப் பார்த்துப் பழகிவிட்டு 1896இல் பால்டிமோருக்கு வந்து சேர்ந்த குஷிங்குக்கு முதலில் இது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அந்த நிதானம்தான் பின்னாளில் அவருக்கு மூளையின் கதவைத் திறந்துவிட்டது. மண்டையோட்டைத் திறந்தால் ரத்தப்பெருக்கே முதல் எதிரி; வேகத்தால் அதை வெல்ல முடியாது. ஹெர்னியாவிலும் மார்பகப் புற்றிலும் ஆசான் காட்டிய பொறுமையை மாணவர் மூளைக்குக் கொண்டுபோனார். 1931இல் தம் இரண்டாயிரமாவது மூளைக் கட்டியை அகற்றினார். மூளை அறுவையை ஹால்ஸ்டெட் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பழக்கத்தைக் கொடுத்தார். அதன் பயன் எங்கே விளையப்போகிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கிக்கொண்டவருக்கும் அப்போது தெரியாது.

தலைவர் ஊரில் இல்லாத நாட்களில் அறுவைகளைச் செய்யும் பொறுப்பு ரெசிடென்ட்டின் மேல் விழுந்தது. ஓரளவுக்கு இது ஹால்ஸ்டெட்டின் கொள்கை. ஓரளவுக்கு அவருடைய உடல்நிலையின் விளைவு. இதை அவருடைய பெருமைகளுள் ஒன்றாகச் சேர்க்க எனக்கு முழு மனம் இல்லை. சீஃப் வராத யூனிட்டெல்லாம் சிறந்த பயிற்சிக்கூடம் என்று யாராவது என் பேச்சிலிருந்து அர்த்தம் செய்துகொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. பக்கத்தில் நின்று பல காலம் பார்த்து, பிறகு உதவி, பிறகு தலைவர் பார்த்துக்கொண்டிருக்கத் தானே செய்து பழகியவனுக்குத்தான் அந்தத் தனிமை பயன்பட்டது. முந்தின படிகள் இல்லாமல் கடைசிப் படி மட்டும் கிடைத்தால், அது 1893இல் பாஸ்டனில் நடந்ததேதான்.

ஆஸ்லர் சுபாவத்தில் ஹால்ஸ்டெட்டுக்கு நேர்மாறானவர். கலகலப்பானவர், ஊரெல்லாம் நண்பர்கள். வகுப்பறையிலிருந்து மாணவர்களை எழுப்பிக் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தியது அவர் செய்த பெரிய காரியம். வார்டில் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவன் என்பதற்கு மேல் வேறு எந்தப் பெருமையும் தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டாம் என்று அவர் சொன்னது பிரசித்தம். ஆனால் வார்டுக்கு வெளியே அவர் செய்த ஒரு சிறு காரியத்தைத்தான் நான் உங்களுக்குக் கிட்டத்தில் காட்ட விரும்புகிறேன். பால்டிமோரில் மேற்கு ஃபிராங்க்ளின் தெருவில் 1ஆம் எண் வீட்டில் ஆஸ்லர் குடியிருந்தார். அடுத்த 3ஆம் எண் வீட்டில் குஷிங்கும் வேறு சில இளம் மருத்துவர்களும் வாடகைக்கு இருந்தார்கள். ஆஸ்லர் தம் வீட்டு வாசற்கதவின் சாவி ஒன்றை அவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவைத்திருந்தார். கதவைத் தட்ட வேண்டியதில்லை. அனுமதி கேட்க வேண்டியதில்லை. எந்த நேரமானாலும் உள்ளே வந்து அவருடைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டுச் சாவி இருபது முப்பது வயதுப் பிள்ளைகளின் சட்டைப்பையில் கிடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். ஆஸ்லர் மறைந்த பிறகு, அவர் துணைவியார் கேட்டுக்கொண்டபடி அவருடைய சரித்திரத்தை இரண்டு பெரிய பாகங்களாக எழுதி 1925இல் வெளியிட்டவர் அந்தச் சாவி வாங்கியவர்களில் ஒருவரான குஷிங்தான். அந்நூலுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது.

ஆஸ்லருக்கு இந்தக் குணம் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. பாதிரியாராகப் போக எண்ணியிருந்த அவரை மருத்துவத்தின் பக்கம் திரும்பச் செய்தவர்களில் டொரான்டோவைச் சேர்ந்த ஜேம்ஸ் போவெல் ஒருவர். பள்ளிப் பருவத்தில் அவருக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டிக்கொடுத்த ஜான்சன் என்ற பாதிரியார் ஒருவர். மான்ட்ரியலில் ஆசிரியராயிருந்த பாமர் ஹவர்டு ஒருவர். 1892இல் வெளியான தம் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலை ஆஸ்லர் இந்த மூவரின் நினைவுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார். முதுமையிலும், கூட்டங்களில் மனம் எங்கோ அலையும்போது, கையில் அகப்பட்ட காகிதத்தில் அவர் தம்மையறியாமல் கிறுக்கிக்கொண்டிருப்பது ஜேம்ஸ் போவெல் என்ற பெயரைத்தானாம்.

நம் சங்கீத வித்துவான்களின் வீடுகளில் குருகுலவாசம் இருந்த மாணாக்கர்கள் இந்தக் குரு சிஷ்ய உறவை எளிதில் புரிந்துகொள்வார்கள். வருஷக்கணக்கில் தம்பூரா மீட்டி, பிறகு கச்சேரியில் குருவின் பின்னே அமர்ந்து பின்பாட்டுப் பாடிவரும் சிஷ்யனிடம், ஒரு நாள் கல்பனாஸ்வரம் சூடு பிடித்திருக்கும் கட்டத்தில் குரு லேசாகத் தலையைத் திருப்பி, ஓர் ஆவர்த்தனத்தை விட்டுவிடுவார். சபைக்கு முன்னால் தவறினால் தம் கௌரவமும் போகும் என்று தெரிந்தே அவர் விடுகிறார். எப்போது விடுவது என்று அறிந்ததுதான் அந்தக் குருவின் வித்தை. மருத்துவத்தில் தவறினால் போவது கௌரவம் மட்டும் இல்லை என்பதால், நம்முடைய ஆசான்களுக்கு இந்தக் காலக்கணிப்பு இன்னும் கடினமானது.

நான் பயின்ற யூனிட்டின் சீஃப் அதிகம் பேசமாட்டார். மார்கழி மாதத்துக் காலை ரவுண்ட்ஸில், நோயாளியின் வயிற்றைத் தொடுவதற்கு முன் உள்ளங்கைகள் இரண்டையும் தேய்த்துச் சூடு உண்டாக்கிக்கொள்வார். கட்டிலின் வலப்பக்கம் அமர்ந்து, கையை வயிற்றில் வைத்துவிட்டு, பார்வையை மட்டும் நோயாளியின் முகத்தில் நிறுத்துவார். எங்கே வலிக்கிறது என்று வாய் சொல்வதற்கு முன் புருவம் சொல்லிவிடும் அல்லவா? இப்படிச் செய்யுங்கள் என்று அவர் ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. ஆனாலும் அந்த யூனிட்டில் இருந்தவர்கள் எல்லோரும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறோம். பல வருஷங்களுக்குப் பிறகு, வேறொரு ஊர் மருத்துவமனையில் முன்பின் அறியாத ஒருவர் நோயாளியைத் தொடுமுன் கையைத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்து, நீங்கள் அவருடைய பி.ஜி.யா என்று கேட்டேன். ஆமாம் என்றார், எனக்குப் பின்னால் வந்த அணியாம்.

நள்ளிரவில் அவருக்குப் போன் செய்து கேஸைச் சொன்னால், முழுவதும் கேட்டுவிட்டு, "சரிப்பா, நீ என்ன நெனைக்கிறே?" என்பார். "எனக்குத் தெரியலை சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "தெரியலேன்னா தெரிஞ்ச மாதிரி ஒண்ணு சொல்லு, அப்புறம் பேசலாம்" என்பார். நாம் ஒன்றைச் சொல்லி, ஏன் அப்படி நினைக்கிறோம் என்றும் சொன்ன பிறகுதான் அவர் வாயிலிருந்து அபிப்பிராயம் வரும். போனை வைத்த அரைமணி நேரத்தில், அவசியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேட்டி சட்டையோடு வார்டு வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். நாங்கள் செய்வது சரியாக இருந்தால், சிஸ்டரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அவர் வந்து போனதே சில இரவுகளில் எங்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

எல்லா ஆசான்களும் இப்படியே என்று நான் சொல்லவில்லை. குஷிங்கே தம்மிடம் பயின்றவர்களைக் கடுமையாக நடத்தியவர். தியேட்டரில் அவருடைய சினம் பிரசித்தம். அவரிடம் பால்டிமோரில் பணிபுரிந்த வால்டர் டாண்டி என்ற மேதையை, 1912இல் பாஸ்டனுக்குப் புறப்பட்டபோது அவர் தம்முடன் அழைத்துச் செல்லவில்லை. டாண்டி பால்டிமோரிலேயே தங்கி, 1918இல் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கண்டார். இருவருக்குமிடையே இருந்த பகை சாகும்வரை தீரவில்லை. குருவும் சிஷ்யனும் இருவரும் மேதைகளாயிருப்பது சில சமயம் இருவருக்குமே துரதிர்ஷ்டம் போலும்.

ஹால்ஸ்டெட் வகுத்த அமைப்பிலும் ஒரு கொடுமை இருந்தது. அது பிரமிட் வடிவம் உடையது. அடியில் பலர் சேர்வார்கள். ஆண்டுக்கு ஆண்டு வடிகட்டப்பட்டு, உச்சிக்குப் போவது ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் பாதியில் இறங்கி வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி இறக்கிவிடப்பட்டவர்களில் ஆல்ஃப்ரெட் பிளாலாக் ஒருவர். ஹாப்கின்ஸில் படித்துப் பட்டம் பெற்று, அறுவைப் பயிற்சியில் தொடர இடம் கிடைக்காமல், 1925இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எந்த இடம் தம்மை வேண்டாமென்றதோ அதே இடத்துக்கு 1941இல் அறுவைத் துறையின் தலைவராக அவர் திரும்பி வந்தார் என்பதிலிருந்தே, அந்த வடிகட்டல் எவ்வளவு நம்பத்தக்கது என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். பெண்களின் கதி இன்னும் மோசம். 1900இல் பட்டம் பெற்று ஆஸ்லரிடம் பயிற்சி மருத்துவராயிருந்த டாரத்தி ரீட், ஹாட்ஜ்கின் நோயில் காணும் பெரிய உயிரணுவை 1902இல் தெளிவாக வர்ணித்தவர்; இன்றும் பாத்தாலஜி தேர்வில் அவர் பெயரை எழுதாமல் நீங்கள் தேற முடியாது. மேலே உயரப் பெண்ணுக்கு அங்கே வழி இல்லை என்று தெரிந்து அவர் அந்த ஸ்தாபனத்தை விட்டு வெளியேறினார்.

பிளாலாக்கின் கதையில் இன்னொரு மனிதர் இருக்கிறார். 1930இல் வாண்டர்பில்ட் ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக வேலைக்குச் சேர்ந்த விவியன் தாமஸ், கறுப்பர். தச்சு வேலை அறிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்துவைத்த பணம் வங்கி முறிவில் போய்விட்டது. நாய்களின் மேல் நுட்பமான அறுவைகளைச் செய்து தேர்ந்த அவரைப் பிளாலாக் பால்டிமோருக்குத் தம்முடன் அழைத்துவந்தார். பிறவி இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரித்துப்போகும் குழந்தைகளுக்கு ஏதேனும் செய்ய வேண்டுமென்று ஹெலன் டாசிக் என்ற குழந்தை மருத்துவர் சொல்லிவந்ததன் பயனாக, 1944 நவம்பர் 29ஆம் தேதி அத்தகைய குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவை நடந்தது. கத்தி பிளாலாக்கின் கையில். அவர் தோளுக்குப் பின்னே ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, தையல் எந்தப் பக்கம் போக வேண்டும், குழாயை இன்னும் எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பட்டம் எதுவும் இல்லாத தாமஸ். ஏனென்றால் அந்த அறுவையை ஆய்வுக்கூடத்தில் பலமுறை செய்து பார்த்தவர் அவர்தாம். அங்கே பின்னாளில் பயின்ற அறுவை மருத்துவர்கள் பலர் கையில் கத்தி பிடிக்கக் கற்றது அவரிடம். 1976இல் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ஆசான் என்றால் பதவியில் உயர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்தச் சம்பவம் கலைத்துவிடுகிறது. நம் லேபர் வார்டுகளில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள சிஸ்டர், "டாக்டர், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லும்போது கையை நிறுத்தக் கற்ற பி.ஜி., அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதைப் பின்னால் மறந்துவிடுவது நியாயமில்லை.

இனி நீங்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன், வேலை நேரம். 1984இல் நியூயார்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்து, சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அந்த இரவு அவளைக் கவனித்தவர்கள் நெடுநேரம் தூக்கமின்றிப் பல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி மருத்துவர்கள். அவள் தந்தை ஓய்வின்றிப் போராடினார். பெர்ட்ரண்ட் பெல் என்ற மருத்துவரின் தலைமையில் குழு அமைந்தது. 1989இல் நியூயார்க் மாநிலத்திலும், 2003இல் அமெரிக்கா முழுவதிலும், பயிற்சி மருத்துவரின் வேலை வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் போகலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 80 என்ற எண்ணை உலகமெல்லாம் அறியும். ஆனால் பெல்லே பல தடவை வற்புறுத்திச் சொன்ன விஷயம் வேறு: அந்த இரவில் அனுபவமிக்க மருத்துவர் ஒருவர் நேரில் வந்து பார்க்கவில்லை என்பதே மூலக் குறை, மேற்பார்வைதான் முக்கியம், மணிக்கணக்கு அதற்கு அடுத்தபடி. எண்ணை எண்ணுவது எளிது. பின்னே ஒருவர் நின்றாரா என்று கணக்கெடுப்பது கடினம். ஆகவே விதி எளிதானதைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தாறு மணி நேரம் கண் விழித்தவன் கையில் நோயாளியைக் கொடுப்பது எவ்விதத்திலும் நியாயமில்லை என்பதே என் அபிப்பிராயமும். அதனால் உங்களுக்குத் தூக்கமே வேண்டாம் என்று வாதிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். தூங்கி எழுந்து தெளிவாக இருக்கிற பி.ஜி.யும் தனியாக விடப்பட்டால் தனியாள்தான் என்கிறேன்.

இந்தப் பரம்பரை நம் ஊருக்கு வந்த வழியைச் சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் வாக்குக் கொடுத்தேன். 1905இல் ஆஸ்லர் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பேராசிரியராகப் போனார். அங்கும் அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே படித்துக்கொண்டிருந்த வைல்டர் பென்ஃபீல்ட் என்ற இளைஞர், 1916இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கையில் ஸஸெக்ஸ் என்ற கப்பலை ஜெர்மானியர் டார்பீடோவால் தாக்கியபோது காலில் அடிபட்டார். குணமாகும்வரை தங்கியிருந்தது ஆஸ்லரின் வீட்டில். பிறகு ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் பெற்று, பாஸ்டனில் குஷிங்கிடம் பயிற்சி மருத்துவராக இருந்தார். 1934இல் மான்ட்ரியலில் அவர் தொடங்கிய நரம்பியல் நிலையம், மூளை அறுவை மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஆய்வாளரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் இடமாக அமைந்தது. அங்கே நாற்பதுகளில் வந்து சேர்ந்த மாணவர்களில் கேரளத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி ஒருவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பஹ்ரைன் தீவின் மிஷன் மருத்துவமனையில் பால் ஹாரிசன் என்ற அமெரிக்க மருத்துவரிடம் வேலை பார்த்தவர். அந்த ஹாரிசனும் ஹாப்கின்ஸில் படித்தவர் என்பதைக் கேட்டால், ஒரே வீட்டார் மறுபடி மறுபடி சந்தித்துக்கொள்வதுபோல் தோன்றுகிறது.

சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950இல், சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று, மான்ட்ரியலுக்கும் போய் வந்து, சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதே துறையைத் தொடங்கினார். இருவரும் வேறு இருவரோடு சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தார்கள். சாண்டி இன்னும் ஒரு காரியம் செய்தார். நோயாளிகள் வரிசை வரிசையாகக் காத்திருந்த ஊரில், தாம் ஒருவரே இரவு பகலாக அறுத்துக்கொண்டிருந்தாலும் குறை சொல்பவர் எவரும் இருந்திருக்கமாட்டார்கள். ஆனால் அவர் 1957இல் பயிற்சித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தி, தம்மைப் போன்றவர்களை உருவாக்கத் தலைப்பட்டார். மூளைக் கட்டியோடு திருவண்ணாமலையிலிருந்தோ சித்தூரிலிருந்தோ வேலூருக்கு வந்த ஒரு விவசாயியின் தலையில் கை வைத்த இளம் மருத்துவருக்கு, பால்டிமோரில் ஒரு கூச்ச சுபாவி மெதுவாக அறுத்ததும், பக்கத்து வீட்டுத் தெருக்கதவின் சாவியும் தம் கையில் இருக்கின்றன என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

உங்களுக்கு யூனிட் ஒதுக்கியாகிவிட்டது. நீட் தேர்வின் ரேங்க்கும் கவுன்சலிங்கும் சேர்ந்து அதை முடிவு செய்துவிட்டன. எந்தக் கல்லூரி, எந்தத் துறை, ஸ்டைபெண்டு எவ்வளவு, பாண்டு எத்தனை வருஷம் என்றெல்லாம் விசாரித்தவர்கள், அங்கே இரவில் சீஃப் வருவாரா என்று விசாரித்திருப்பீர்களோ என்னவோ. இப்போது கேட்டுப் பயன் இல்லை. ஆகவே என் கடைசி வார்த்தை உங்களுக்கு அன்று; முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு.

உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு லாக் புக் இருக்கிறது. பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியே செய்தது என்று நான்கு நிலைகளை அதில் குறிக்கச் சொல்கிறார்கள். ஹால்ஸ்டெட்டின் எட்டு ஆண்டுகளும் அந்த நான்கு நிலைகளில் அடங்கிவிடுகின்றன. இதைவிடத் தெளிவாக இந்தப் பயிற்சியின் தத்துவத்தைக் காகிதத்தில் வரைய முடியாது. ஆனால் அந்தப் புத்தகம் பெரும்பாலும் நிரப்பப்படுவது, தீசிஸ் வேலையும் முடிந்து இறுதித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், நான்கு நிறப் பேனாக்களோடு ஒரே இரவில் ஹாஸ்டல் அறையில். கையெழுத்து விழுவது மறுநாள் காலை ஓ.பி.யில், பக்கங்களைப் புரட்டிக்கொண்டே. இதை மாற்ற அரசாங்க ஆணை எதுவும் தேவையில்லை. மேற்பார்வையில் செய்தது என்ற நிலையிலிருந்து தனியே செய்தது என்ற நிலைக்கு ஒரு மாணவர் முதன்முறை மாறும் நாளில், அந்த ஒரு பதிவுக்கு மட்டுமாவது, அன்றைக்கே நீங்கள் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏன் இன்று விட்டீர்கள் என்பதை ஒரு வரி எழுதுங்கள். மூன்று ஆண்டில் ஒரு மாணவருக்கு இருபது முப்பது வரிகள்தான் வரும். அவற்றை எழுத வேண்டுமானால் அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும்.